நிழல் அளந்த தபால்காரி

பதினேழாம் எண் வீட்டின் கடிதப் பெட்டிக்குள் இரண்டு உறைகளைச் செருகிவிட்டு, லோசலின் வைப்புலு சட்டைப் பையிலிருந்து மஞ்சள் நிறத் துப்பாக்கி ஒன்றை எடுக்கிறார். நடைபாதையைக் குறி பார்த்து விசையை அழுத்துகிறார். சிமெண்டின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு விழுகிறது. துப்பாக்கியின் முதுகில் அறுபத்தொன்று என்று எண் தெரிகிறது. பேனா மூடியைப் பல்லால் கழற்றி, இடது முன்கையில் 17, பக்கத்தில் 61 என்று எழுதிக்கொள்கிறார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கையசைக்கிறார். இவரும் துப்பாக்கியோடு கையசைக்கிறார். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும்தான் இதைக் கண்டு பதறுவார்கள்.

அது தரையின் சூட்டை அளக்கும் கருவி. அடுப்பு, கொதிகலன் வேலை பார்க்கிறவர்களுக்காக இரும்புச் சாமான் கடையில் விற்கிறார்கள். எண்கள் மணிக்கட்டில் தொடங்கி முழங்கைவரை ஏறிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். வீட்டுக்குப் போனதும் அவற்றைக் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த பிறகுதான் கை கழுவுவார். மை முழுதாகப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வெள்ளைச் சட்டைக்கு வெளியே நீலமாக எட்டிப் பார்க்கும். "என்ன லோசலின், பரலோகத்து போன் நம்பரா?" என்று பாஸ்டர் ஒருமுறை கேட்டார்.

"இல்ல பாஸ்டர். நீங்க வாரா வாரம் சொல்லிப் பயமுறுத்துவீங்களே, அந்த இன்னொரு எடத்தோட நம்பர்."

வயது ஐம்பத்துநான்கு. டோங்காவின் வாவாவு தீவிலிருந்து பத்தொன்பது வயதில் சிட்னிக்கு வந்தவர். நகரத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் இந்தப் பேட்டையில் இருபத்தைந்து வருடமாகத் தபால் கொடுக்கிறார். தாராளமான உடம்பு. மூன்று சக்கர பேட்டரி வண்டியில் அவர் ஏறி உட்காரும்போது வண்டி ஒருமுறை முனகும். "என்கிட்ட அனுமதி கேக்குது" என்பார். ஆயிரத்துச் சொச்சம் கடிதப் பெட்டிகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. ஆட்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வழக்கம் அவருக்குக் கிடையாது. எல்லாம் வீட்டு எண்தான். "இருபத்துமூணுக்கு மூட்டுவலி ஜாஸ்தியாயிருச்சு. அம்பத்தாறு புருஷனோட பேசறதில்ல, ரெண்டு பேருக்கும் தனித்தனி பெட்டி வச்சிருக்காங்க." அறுபதாம் எண் நாய்க்கு அவரைக் கண்டால் ஆகாது. அந்த ஒரு வாசலில் மட்டும் உறைகளைப் பெட்டியை நோக்கி வீசுவார். அநேகமாகக் குறி தப்பாது.

ரயில் பாதை இந்தப் பேட்டையை இரண்டாக வெட்டுகிறது. லைனுக்கு மேலே, லைனுக்குக் கீழே என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். மேலே மார்ஸ்டன் அவென்யூவில் இரு பக்க மரங்களும் நடுவில் வந்து கை கோத்துக்கொண்டிருக்கும். இரண்டு பூங்காக்கள் உண்டு. ஒன்றில் வாத்துக் குளம், வாத்துகளுக்கு ரொட்டி போடக் கூடாது என்று நகரசபையின் அறிவிப்புப் பலகை. கீழே கெர்ஸ்லேக் தெருவில் அரசு வாடகைக் குடியிருப்புகள். செங்கல் சுவர், கறுப்பு ஓடு, தார் ரோடு. வேர்கள் குழாயை உடைக்கின்றன என்று அங்கிருந்த மரங்களை முன்பே வெட்டிவிட்டார்கள். குழாயைச் சரி செய்தார்கள். மரத்தைத் திரும்ப வைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

லோசலினின் வீடும் லைனுக்குக் கீழே, அதே தெருவில்தான். ஆனால் பதினொரு மணிச் சாப்பாட்டை மேலே மார்ஸ்டன் அவென்யூவில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாப்பிடுவார். அவித்த மரவள்ளியும் டப்பா இறைச்சியும். கீழே உட்கார நிழல் கிடையாது. ஒருநாள் எதிர் வீட்டுக்காரர் ஒருவர் இறங்கி வந்து, தினமும் இதே இடத்தில் வண்டி நிற்பது பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை என்று பக்குவமாகச் சொன்னார். லோசலின் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். "மரம் நகரசபையோடது. ரோடும் நகரசபையோடது. சாப்பாடு மட்டும்தான் என்னோடது. அதுல பாதி வேணும்னா எடுத்துக்கங்க." அதற்குப் பிறகும் அங்கேயேதான் சாப்பிட்டார்.

அந்தத் துப்பாக்கி அவர் கைக்கு வந்தது டெஸ்மண்ட் கியர்னியால்.

டெஸ்மண்ட், கெர்ஸ்லேக் தெருக் குடியிருப்பில் ஆறாம் எண். ரயில் தண்டவாளம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்துநான்கு வயது, தனிக்கட்டை. பெட்டியில் போட விடமாட்டார். தினமும் வெளியே வந்து நின்று கையில்தான் வாங்கிக்கொள்வார்.

"காதல் கடிதம் ஏதாச்சும் வந்திருக்கா?"

"வந்திருக்கு. கரண்ட் கம்பெனி உங்கள நெனச்சு உருகிட்டிருக்கு."

ஐந்து வருடத்துக்கு முந்தைய ஜனவரியில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் நாற்பத்தைந்து டிகிரி அடித்தது. மூன்றாம் நாள் டெஸ்மண்ட் வாசலில் இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால், முந்தின நாள் லோசலினின் விடுமுறையில் வேறு ஆள் போட்டுப் போன கடிதம் அப்படியே கிடந்தது. லோசலின் கதவைத் தட்டினார். மின்விசிறி சுற்றும் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. போலீஸ் வந்து கதவை உடைத்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கழுத்தில் சுற்றியிருந்த ஈரத் துண்டு காய்ந்து மொடமொடவென்று ஆகியிருந்தது. மின்விசிறி அடுப்பு வாய்போல அனலை ஊதிக்கொண்டிருந்தது.

லோசலின் வெளியே வந்து வண்டியில் ஏறினார். இன்னும் நானூறு வீட்டுக்குக் கடிதம் இருந்தது. அழுதுகொண்டே கொடுத்தார். ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து மேலே ஏறியதும் பின்னங்கழுத்தில் சில்லென்று ஒரு காற்று பட்டது. அந்தப் பாலத்தில் இருபது வருடமாக அந்தக் காற்று அவரைத் தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது.

ஹான் என்ற வியட்நாமியப் பெண் லைனுக்குக் கீழே இருக்கும் மருத்துவ நிலையத்தில் நர்ஸ். கையில் பையோடு வீடு வீடாகப் போகிறவர். லோசலினும் அவரும் எதிர்ப்படாத நாளில்லை. டெஸ்மண்டின் சாவுக்கு என்ன காரணம் எழுதினார்கள் என்று அடுத்த வாரம் அவரிடம் கேட்டார்.

"இதயம்னு எழுதிருப்பாங்க, ஆன்டி."

"வெயில்னு எழுத மாட்டாங்களா?"

"வெயில்னு எழுத அவங்க ஃபாரத்துல எடமில்ல. இந்த மூணு நாள்ல லைனுக்குக் கீழேர்ந்து பதினாலு பேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க. மேலேர்ந்து ரெண்டு பேரு. நான் தனியா ஒரு பேப்பர்ல எழுதி வச்சிருக்கேன். யாரும் கேக்கல."

"இப்ப நான் கேக்கறேன்ல."

அந்தச் சனிக்கிழமை துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தார். கணவர் சியோசே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கவர்மெண்டு இதப் பாத்துக் கைய தூக்கிரும்னு நெனக்கிறியா லோசி?"

"நீங்க மொதல்ல கால தூக்குங்க, தரைய அளக்கணும்."

மேலே இருபது பெட்டி, கீழே இருபது பெட்டி. இரண்டு கோடைகளில் நாற்பத்தொரு நாள் அளந்தார். மேலே மரத்தடிச் சிமெண்ட் முப்பத்தைந்து, முப்பத்தாறு. கீழே அதே மணிக்கு அறுபதைத் தாண்டியது. வானிலைச் செய்தியில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண்ணைத்தான் சொன்னார்கள். "வானத்துக்கு வித்தியாசம் தெரியல, பாவம். எனக்குச் செருப்புக்கு அடில தெரியுது" என்றார் ஹானிடம்.

கெர்ஸ்லேக் தெருவில் மரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. குடியிருப்புக்கு நேர் எதிரே ஒன்றரை ஏக்கரில் பழைய நீரேற்று நிலையம் ஒன்று பூட்டிக் கிடந்தது. இயந்திரங்களை எடுத்துக்கொண்டு போய்ப் பதினெட்டு வருடமாகிறது. உள்ளே பதினான்கு மரங்கள். அவற்றில் ஐந்து பெரிய அத்தி. ஒவ்வொன்றும் நான்கு வீட்டின் மேல் கவிழ்ந்து மூடுகிற அகலம். சுற்றிலும் ஆளுயரக் கம்பி வேலி, அதில் 'நுழையாதே' பலகை. நண்பகலில் குடியிருப்புக்காரர்கள் ஜன்னலில் நின்று அந்த நிழலைப் பார்ப்பார்கள், கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் பண்டத்தைப் பார்ப்பதுபோல.

டிசம்பரில் ஒருநாள் காலை, வண்டியில் ஏற்றிய மூட்டையில் நகரசபையின் நீள உறைகள் அறுநூறு இருந்தன. லைனுக்குக் கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. உறையில் சின்ன எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. பார்த்தாலே குப்பைத் தொட்டிக்குப் போகிற முகம் அதற்கு. லோசலின் ஒவ்வொரு பெட்டியிலும் போட்டார். கடிதத்தைக் கொடுப்பது மட்டும்தான் அவர் வேலை, படிக்கச் சொல்வது வேலையில்லை. மாலையில் வீடு திரும்பித் தன் பெட்டியிலிருந்து தானே போட்ட உறையை எடுத்துப் பிரித்தார். கடினமான ஆங்கிலத்தில் மூன்று பக்கம். மூன்றாம் பக்கத்தின் கடைசியில்தான் விஷயம் இருந்தது. நீரேற்று நிலைய இடத்தை விற்று, தகரக் கிடங்குகள் கட்ட அனுமதிக்க உத்தேசம். மரங்கள் அகற்றப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் இருபத்தெட்டு நாளுக்குள் எழுதலாம்.

சனிக்கிழமை சீருடை இல்லாமல், பூப்போட்ட பாவாடையும் இடுப்பில் டோங்காப் பெண்கள் கட்டும் கோரைப்பாய்ப் பட்டியுமாக, தேவாலயத்துக்குப் போகிற கோலத்தில் கெர்ஸ்லேக் தெருவில் இறங்கினார். இரண்டாம் எண்ணில் வெரா பான்டிச் கதவைத் திறந்தார். செர்பியாவிலிருந்து வந்தவர், எழுபத்தொரு வயது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். நாக்கு மட்டும் ஓடும்.

"இன்னைக்குத் தபால் கெடையாதே. எதுக்கு வந்த?"

"இன்னைக்கு நான் தபால்காரி இல்ல. நாப்பத்தேழாம் நம்பர் வீட்டுக்காரி. நகரசபைக் கடிதத்தப் படிச்சீங்களா?"

"அது மேலதான் வெங்காயம் உரிச்சேன்."

"எதிர்ல இருக்கற மரத்தையெல்லாம் வெட்டப் போறாங்களாம்."

 வெரா வாக்கரைத் திருப்பினார். "உள்ள வா. பேனா இருக்கா உன்கிட்ட? என்னோடது எழுதாது."

நான்கு சனிக்கிழமைகள். அரபியிலும் வியட்நாமிய மொழியிலும் சமோவனிலும் செர்பியனிலும் சொன்னதை ஹானும் தேவாலயப் பெண்களும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள். வழக்கமாக இப்படிப்பட்ட அறிவிப்புக்கு நான்கைந்து பதில் வந்தால் பெரிது. முந்நூற்றுப் பன்னிரண்டு போயிற்று. அத்தனையையும் லோசலின் தபாலிலேயே அனுப்பச் செய்தார். நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்று சியோசே கேட்டதற்கு, "தபால்ல போனாத்தான் அவங்க ஒவ்வொண்ணுலயும் வந்த தேதி போட்டு சீல் குத்தியாகணும்" என்றார்.

ஜனவரிக் கடைசியில் நகரசபைக் கூட்டம். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். நிலப் பிரிவு அதிகாரி கீத் ஆல்டர்டன் முதலில் எழுந்து வரைபடத்தைத் திரையில் காட்டினார். ஒல்லியான மனிதர், யாரையும் புண்படுத்தாத குரல். கொள்கைப்படி ஒவ்வொரு குடியிருப்புக்கும் நடந்து போகிற தூரத்தில் ஒரு பூங்கா இருக்க வேண்டும். கெர்ஸ்லேக் தெருவுக்கு இருக்கிறது. ஆயிரத்து இருநூறு மீட்டர். ஆகையால் குறை எதுவும் இல்லை.

லோசலினின் முறை வந்தது. நோட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்தார். திறக்கவில்லை.

"மூணு நிமிஷம் குடுத்திருக்கீங்க. எனக்கு அது வேணாம். அதுக்குப் பதிலா ஒரு மணி நேரம் வேணும். இங்க இல்ல, அங்க. கீத் நடந்து போற தூரம்னு சொல்றார். நடந்துரலாம். பிப்ரவரில ஒரு நாள், மத்தியானம் ரெண்டு மணிக்கு, குடியிருப்பு வாசல்ல காத்திருக்கேன். தண்ணி நான் கொண்டுவரேன்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் முன்வரிசையில் இருந்த கவுன்சிலர் ஐரீன் மக்பீ சிரிக்கவில்லை. அறுபத்தெட்டு வயது, மார்ஸ்டன் அவென்யூவிலேயே பிறந்து வளர்ந்தவர். டைரியைப் புரட்டி, "பதினோராந்தேதி எனக்கு வசதி" என்றார். ஒருவர் ஒத்துக்கொண்ட பிறகு மற்றவர்களுக்கு மறுக்க வழியில்லாமல் போயிற்று.

பதினோராம் தேதி நாற்பத்தொரு டிகிரி. பதினொரு கவுன்சிலர்களில் ஏழு பேர் வந்தார்கள். ஆல்டர்டன் அகலத் தொப்பியோடு வந்தார். தேவாலய வேனில் ஐஸ் தண்ணீர் நிரப்பிக்கொண்டு சியோசே பின்னாலேயே ஊர்ந்து வந்தார், யாராவது விழுந்தால் தூக்கிப் போட்டுக்கொள்ள. ஹான் தன் மருத்துவப் பையோடு அதில் உட்கார்ந்திருந்தார். வெரா வாக்கரோடு முன்னால் வந்து நின்றார். நீங்கள் வர வேண்டாமே என்று கவுன்சிலர் ஒருவர் தயங்கினார்.

"அந்தப் பூங்கா எனக்குத்தானே போட்டது? ஒங்களுக்காக மெதுவா நடக்கறேன், கவலப்படாதீங்க."

நடந்தார்கள். முதல் இருநூறு மீட்டரில் பேச்சு நின்றது. நடைபாதை கொஞ்ச தூரத்திலேயே முடிந்து மணலாயிற்று. வாக்கரின் சக்கரம் அதில் புதைந்தபோது ஆல்டர்டன் குனிந்து தூக்கிவிட்டார். நான்கு வழிச் சாலையைக் கடக்க சிக்னல் இல்லை. லாரிகளுக்கு இடையே இடைவெளி கிடைக்க ஆறு நிமிடம் வெயிலில் நின்றார்கள். ஐரீன் தடுமாறிப் பேருந்து நிறுத்தத்தின் இரும்புக் கம்பியைப் பிடித்தார், பிடித்த வேகத்தில் கையை உதறினார். உள்ளங்கை சிவந்துவிட்டது. ஹான் இறங்கி வந்து ஈரத் துணி சுற்றினார். ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு கல்லில் உட்காரப் போய், உட்காராமலே எழுந்தார்.

ஐந்நூறு மீட்டரில் ஐரீன் நின்றார். முகம் தக்காளி நிறம். "போதும், லோசலின்."

"இன்னும் பாதிகூட ஆகலியே" என்றார் வெரா. "பூங்காவுல ரோஜா இருக்காம். பாக்க வேணாமா?"

 அன்றைக்குத் துப்பாக்கியை லோசலின் கொண்டுவரவே இல்லை. எல்லோரையும் வேனில் ஏற்றி மறுபடியும் கெர்ஸ்லேக் தெருவில் இறக்கினார்.

இறங்கியதும் யாரும் சொல்லாமலே எல்லோரும் ஒரே இடத்துக்குப் போனார்கள். நீரேற்று நிலையத்தின் வேலியோரம். உள்ளேயிருந்த அத்தி மரம் ஒரு கிளையை வேலிக்கு மேல் நீட்டியிருந்தது. அதன் நிழல் நடைபாதையில் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்தது. அந்தப் பாயில் நகரசபை தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது. ஐரீன் துணி சுற்றாத கையின் விரல்களைக் கம்பிக் கண்களுக்குள் நுழைத்தார்.

"உள்ள காத்தே வேற மாதிரி இருக்கு."

"பதினெட்டு வருஷமா அப்படித்தான் இருக்கு" என்றார் லோசலின்.

"கேட்டத் திறங்க, கீத்."

ஆல்டர்டன் கோப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்துத் திருகினார். துரு தின்ற பூட்டு. இன்னும் கொஞ்சம் திருகினார். சாவி பாதியில் ஒடிந்தது. மீதிப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றபோது, சியோசே வேனின் பின்பக்கத்திலிருந்து கம்பி வெட்டும் பெரிய கத்தரியைக் கொண்டுவந்தார். அது ஏன் தேவாலய வேனில் இருந்தது என்று இதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

"இது நகரசபைச் சொத்து" என்றார் ஆல்டர்டன், பழக்கத்தில்.

"நகரசபை இங்கதான நிக்குது கீத், வேர்த்து ஊத்திக்கிட்டு" என்றார் ஐரீன். "வெட்டச் சொல்லுங்க."

பூட்டு விழுந்தது. கதவு கீழே மண்ணில் புதைந்திருந்தது. ஏழு கவுன்சிலர்களும் ஒரு தபால்காரியும் சேர்ந்து தள்ளினார்கள். தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உள்ளே கணுக்கால் ஆழத்துக்குச் சருகு, ஈர மண்ணின் வாசனை, தலைக்கு மேலே பச்சைக்கிளிகளின் இரைச்சல். வெரா வாக்கரைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக நடுமரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஆல்டர்டன் இயந்திரம் வைத்திருந்த சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். லோசலின் அவரிடம் தண்ணீர் கொடுத்தார்.

"வரைபடத்துல இந்த எடம் சாம்பல் கலர்ல இருக்கு, லோசலின்" என்றார் அவர், மரத்தைப் பார்த்தபடி.

"அப்ப கலர மாத்துங்க."

அந்தக் கதவு திறந்தால் தனக்கு அழுகை வரும், டெஸ்மண்டை நினைத்து உடைந்துபோய்விடுவோம் என்றெல்லாம் லோசலின் பயந்திருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பசித்தது. வேனிலிருந்து மரவள்ளி டப்பாவை எடுத்துவந்து அத்தி வேரில் உட்கார்ந்து, கவுன்சிலர்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்துச் சாப்பிட்டார். லைனுக்குக் கீழே, நிழலில், அவர் சாப்பிட்ட முதல் பகல் சாப்பாடு.

மார்ச்சில் வாக்கெடுப்பு. ஒன்பது பேர் பூங்காவுக்கு, இரண்டு பேர் கிடங்குக்கு. முறைப்படி திட்டம் தீட்டித் திறக்க இரண்டு வருடம் ஆகும் என்று குறிப்பு எழுதினார்கள். ஆனால் வெட்டிய பூட்டுக்குப் பதில் பூட்டு மாட்டுவது எந்தப் பிரிவின் வேலை என்பது முடிவாகவில்லை. கதவு திறந்தே கிடந்தது. மறுநாளே குடியிருப்புக்காரர்கள் சமையலறை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அடுத்த வாரம் அரபுக் குடும்பங்கள் தேநீர்க் கெண்டியோடு வந்தன. தேவாலயத்தின் பித்தளை வாத்தியக் குழு ஒத்திகையை அங்கே மாற்றிக்கொண்டது. கிளிகள் முதல் இரண்டு வாரம் ஆட்சேபித்தன. திட்டம் தயாராகி வந்தபோது பூங்கா ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. குடிதண்ணீர்க் குழாய், பெஞ்சுகள், வாக்கர் உருளும்படி ஒரு பாதை, பெரிய சாலையில் ஒரு சிக்னல் என்று நகரசபை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தது. வேலிக் கம்பியைச் சுருட்டி லாரியில் ஏற்றிய அன்று வெரா பெஞ்சில் உட்கார்ந்தபடியே லாரிக்கு டாட்டா காட்டினார்.

இந்த ஜனவரியிலும் மூன்று நாள் தொடர்ந்து நாற்பத்துநான்கு. ஹான் தன் காகிதத்தோடு லோசலினைத் தேடி வந்தார்.

"கெர்ஸ்லேக் தெருலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு எத்தன பேரு தெரியுமா ஆன்டி? ஒருத்தர்."

லோசலின் வண்டியை நிறுத்தினார். "யாரு? எந்த நம்பர்?"

"நாப்பத்தேழு. ஒங்க வீட்டுக்காரர்தான். அத்தி மரத்துல ஊஞ்சல் கட்டறேன்னு ஏறி விழுந்து கால் சுளுக்கு. ஒங்ககிட்ட சொல்லலியா?"

"படியில வழுக்கிருச்சுன்னார் மனுஷன்."

அவர் சிரித்த சிரிப்பில் அறுபதாம் எண் நாய் குரைத்தது.

இப்போது அளந்துகொண்டிருப்பது அடுத்த தெருவான டால்பி. அங்கே வேலிக்குள்ளும் மரமில்லை. நட்டு வளர்த்தால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஆல்டர்டன் போன் செய்து அந்த வார எண்களைக் கேட்டு எழுதிக்கொள்கிறார். இருபத்தைந்து கன்றுகள் ஏப்ரலில் வருகின்றன. குழாயை உடைக்காத ஜாதியாகப் பார்த்து லோசலினே தேர்ந்தெடுத்தார். போதாது, நாற்பது வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மேலே மார்ஸ்டன் அவென்யூவில் மரத்துக்கு மரம் எத்தனை அடி என்று காலால் அளந்து, அதே கணக்கைக் கீழேயும் கேட்கிறார். ஆல்டர்டன் முப்பத்திரண்டுவரை இறங்கி வந்திருக்கிறார். அந்த இழுபறி நடந்துகொண்டிருக்கிறது.

இந்த ஜனவரியில் வெயில் கொளுத்திய அந்த மூன்று நாளில் இரண்டாம் நாள் நண்பகல். கெர்ஸ்லேக் தெருக் குடியிருப்பின் பதினெட்டு எஃகுப் பெட்டிகளும் வெயிலில் தகதகத்துக்கொண்டிருந்தன. தொட்டால் விரல் பொசுங்கும். வீடுகளில் ஓர் அரவமும் இல்லை. எல்லோரும் எதிரே இருந்தார்கள். லோசலின் பெட்டிகளை ஒரு பார்வை பார்த்தார், கடிதக் கட்டைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருவைக் கடந்து மரங்களுக்கு நடுவே போய் நின்றார்.

"எட்டு."

ஒரு பாயிலிருந்து கை உயர்ந்தது.

"பதிமூணு. ரெண்டு இருக்கு, ஒண்ணு சிரியாவுலேர்ந்து. பதினாறு, தூங்காத, இந்தா. ரெண்டு."

"சட்டப்படி பெட்டிலதான போடணும்?" என்றார் வெரா கையை நீட்டியபடியே.

"சட்டப்படி நீங்க வீட்ல இருக்கணும்."

சிரிப்பு பாய்க்குப் பாய் தாவியது. கட்டு தீர்ந்தது. யாரோ ஒரு தர்பூசணிக் கீற்றை நீட்டினார்கள். "மாலோ" என்று டோங்கா மொழியில் நன்றி சொல்லி வாங்கி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நின்றபடியே கடித்தார். சாறு முன்கை வழியே ஓடி முழங்கையில் சொட்டியது. விதைகளை வாய்க்குள் ஒதுக்கிவைத்து எல்லாவற்றையும் துப்பினார். ஒன்றை மட்டும் துப்பவில்லை. நகரசபைத் தோட்டக்காரர் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். காட்டிக்கொண்டுதான் இருந்தார். விதையைக் காலடியில் போட்டு, குதிகாலால் மண்ணுக்குள் அழுத்தினார்.